வாங்கி நிற்கும் பக்கம்



பாடம் நடக்கையில் அடிக்கடி எழுந்து வெளியே போக அனுமதி கேட்கும் மாணாக்கனை ஆசிரியர் எவரும் விரும்புவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சிறுவன் ஒருவனை நானும் கடிந்திருக்கிறேன். மேசையின் கீழ் எப்போதும் ஒரு போத்தல் நீர் வைத்திருப்பான். அதையும் குறும்பென்றே கொண்டேன். பின்னர் அவன் தந்தையார் வந்து, பிள்ளையின் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க இயலாதது என வைத்தியர் கண்டிருப்பதாகச் சொன்னார். விஞ்ஞானம் என் துறையன்று. ஆயினும் அன்றைய நாணம் இந்நோயைப் பற்றிப் படிக்க வைத்தது.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 இலீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை இலீற்றர் அளவே சிறுநீராகிறது. மற்றையது குருதிக்கே மீள்கிறது. இம்மீட்சியின் பெரும்பகுதி கட்டளையின்றியே நடந்துவிடும். கடைசிப் பகுதி மாத்திரம் கட்டளைக்குக் காத்திருக்கும். அது நடைபெறுமிடம் சேர்க்குங் கான் எனப்படும் நுண்குழாய்.

அக்குழாயின் சுவர் ஒற்றை வரிசை மேலணிக் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு முகம் சிறுநீரை நோக்கியும் மறுமுகம் குருதியை நோக்கியும் இருக்கும். அயற்கலங்கள் விளிம்பில் இறுகப் பொருந்தியிருப்பதால், ஒரு முகத்துப் புரதம் மறுமுகத்துக்கு நழுவிச் செல்ல இயலாது.

நீரை மீட்கக் கட்டளையிடுவது வாசோபிரெசின் என்னும் ஓமோன். அது கபச்சுரப்பியிலிருந்து குருதிவழியே வருகிறது. எனவே அதைக் கேட்கும் செவியாகிய வாங்கி குருதிப்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஓமோன் அதிற் பொருந்தியதும் செய்தி கலத்தினுள் பரவும். உடனே அக்குவாப்போரின்-2 என்னும் நீர்வாயில்களைச் சுமந்த நுண்பைகள் சிறுநீர்ப்பக்கம் சென்று சவ்வோடு ஒன்றும். நீர் அவ்வழி நுழைந்து, குருதிப்பக்கத்து வேறு வாயில்களால் வெளியேறும். இத்தகைய நீர்வாயில்களைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் ஆக்ரே 2003இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்குபெற்றார்.

புதிதாய் ஆக்கப்படும் புரதம் தன் பக்கத்தை எவ்வாறு அறிகிறது? அகமுதலுருச் சிறுவலையில் மடிந்து உருப்பெற்றபின் அது கொல்கி உபகரணத்தை அடைகிறது. தபாற்கந்தோரில் கடிதங்களைப் பிரிப்பதுபோல அங்கே பிரிப்பு நடக்கிறது. பல புரதங்களின் வாற்பகுதியிலுள்ள சில அமினோ அமிலங்களே விலாசமாக அமைகின்றன. அவற்றை வாசிக்கத் தனிப் புரதங்கள் உண்டு. பன்றிச் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த ஒருவகைக் கலங்களில் அவ்வாசிப்புப் புரதத்தின் ஓர் உறுப்பு இல்லை. அதனால் குருதிப்பக்கம் போகவேண்டிய சில வாங்கிகள் எதிர்ப்பக்கம் போயின. அவ்வுறுப்பைக் கொடுத்ததும் வழி திருந்தியமை 1999இல் காட்டப்பட்டது. எல்லா வாங்கிகளுக்கும் விலாசமுறை ஒன்றேயெனக் கொள்ளலாகாது.

இனி அச்சிறுவனின் நோய்க்கு வருவோம். வாசோபிரெசின் வாங்கிக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆகவே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே இந்நோய் பற்றும். அப்பரம்பரையலகில் 200க்கும் மேற்பட்ட விகாரங்கள் அறியப்பட்டுள்ளன. பலவற்றில் வாங்கி சரியாக மடியாமையால் சிறுவலையிலேயே தடுத்து வைக்கப்படுகிறது. குருதியில் ஓமோன் நிறைந்திருந்தும் கேட்கச் செவியில்லை. வேறு சில குடும்பங்களில் வாங்கி செவ்வையாகவே இருக்கும். நீர்வாயிலோ பக்கம் மாறிக் குருதிமுகத்துக்கு அனுப்பப்பட்டுவிடும். இரண்டிலும் விளைவு ஒன்றே: வெல்லம் இல்லாத சிறுநீர் ஓயாது பெருகும். நீர் வேண்டுமெனச் சொல்லத் தெரியாத கைக்குழந்தை காரணந்தெரியாத காய்ச்சலும் வாந்தியுமாக வாடி, மூளையும் ஊறுபடக்கூடும். உப்புக் குறைந்த உணவும் தயசைட்டு வகை மருந்தும் சிறுநீரின் அளவைக் குறைக்க உதவும். குடிநீர் மாத்திரம் எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும்.

மறுநாளே அவனுக்குக் கதவோரத்து வாங்கில் இடம் ஒதுக்கினேன். போத்தலைப் பற்றி ஒருவரும் கேட்கலாகாதென ஆசிரியர்களுக்கும் சொல்லிவைத்தேன்.