உலைமூடி – 11: ஸ்டவ் பின் 2

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு எப்போதும் கிடக்கும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் அதில்தான். அட்டை கிழிந்தால் அம்மா புது நோட்டு போடுவாள். பழையதில் இருந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் புதியதின் கடைசிப் பக்கத்தில் திருப்பி எழுதுவாள். அதன் தலைப்பு 'குத்தாலம்'. முதல் வரி 'ஸ்டவ் பின் 2'. அரிசிக்கு மூன்றாவது வரிதான்.

போன வாரம் கல்யாணப் பந்திக்கு உலை வைக்கிறவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் கூட்டம் சின்னது: 17 தலை, ஒரு மெட்டாடர் வேன்.

1991 ஜூலை. விருதுநகரில் வெயில் வழக்கம்போலக் காய்ச்சிக்கொண்டிருக்க, 'அங்கே சாரல் விழுதாம்' என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டால் போதும். எங்கள் வீடு, பெரியப்பா வீடு, அத்தை வீடு மூன்றும் ஒரே நாளில் முடிவெடுத்துவிடும். குற்றாலம் எங்களுக்கு மூன்று மணி நேர ஓட்டம். லாட்ஜ், ஓட்டல் என்றெல்லாம் யோசிக்கிற வழக்கம் இல்லை. படுக்கச் சத்திரத்தில் ஒரு கூடம், சமைக்க ஏதாவது ஒரு மரத்தடி. இன்றைக்கு என் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணி 'கேம்பிங் போறோம்' என்கிறாள். கூடாரம், மடக்கு நாற்காலி, கையடக்க கேஸ் அடுப்பு எல்லாம் ஆன்லைனில் வந்து இறங்கியிருக்கிறது. நாங்கள் போனதற்குப் பெயர் 'டூர்'. பாய், தலையணை, குடம் சகிதம் ஒரு வீட்டையே கழற்றி வேன் மேல் கட்டியிருப்போம்.

வீட்டுச் சமையலில் அம்மாவுக்கு அளவு என்று ஒன்று கிடையாது. எத்தனை கரண்டி உப்பு என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுவாள். ஊருக்குக் கிளம்பும்போதுதான் அந்தக் கை கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் எவ்வளவு, மிளகாய் வற்றல் எவ்வளவு, தீப்பெட்டி எத்தனை? அந்தப் பட்டியல் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். அம்மாவின் சமையல் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அது.

சோற்றுக்கு அவளுடைய சூத்திரம் 'ஆளுக்கு ஒரு ஆழாக்கு'. லிட்டரும் கிலோவும் வந்து ஒரு தலைமுறை ஆகியும் எங்கள் அடுப்படிக்குள் அவை நுழையவில்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. சின்னப் பிள்ளைகளுக்கும் முழு ஆழாக்குதான். 'அருவியில குளிச்சுட்டு வந்தா எல்லாப் பிள்ளையும் பெரிய ஆளுதான்' என்பாள் அம்மா. பட்டியலில் மதியச் சாப்பாட்டுக்கு இப்படி இருக்கும்: 'புளிச்சோறு 1 படி, தயிர்ச்சோறு 1 படி. ஆள் 17.'

அன்றைக்குப் பதினோரு வயசு எனக்கு, கணக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. 'யம்மா, ரெண்டு படின்னா பதினாறு ஆழாக்குதான். ஒண்ணு குறையுதே' என்றேன். 'மிச்சம் மீதி இருக்கும்ல, போதும்' என்று நோட்டை மூடிவிட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள இருக்கப்போவது அப்பத்தா, அவள் இந்தக் கணக்கிலேயே இல்லை. குறைந்த ஆழாக்கு யாருடையது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கட்டுச்சோறு என்பது வீட்டுச் சோற்றை மூட்டை கட்டுவது என்று நினைத்தால் மத்தியானமே தெரிந்துவிடும், வாசனையில். அது தனிச் சமையல். சமைத்தவுடன் ருசி பார்க்கக் கூடாது, எட்டு மணி நேரம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே புளிக்காய்ச்சல் இறங்கிவிடும். கெட்டியாகக் கரைத்த புளி, வறுத்துப் பொடித்த மிளகாய், மல்லி, வெந்தயம், கடைசியில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறவரை அடுப்பைவிட்டு நகரக் கூடாது. இரவு ஒரு மணிக்கு எழுந்து சோறு வடிப்பார்கள். தண்ணீர் ஒரு விரற்கடை குறைவு, பருக்கை ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. துவைத்த வேட்டியைக் கூடத்தில் விரித்து அதில் சோற்றைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பரத்தி, அத்தை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பாள். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அரைத் தூக்கத்தில் எனக்கு அது ஏதோ பூஜை மாதிரி தெரியும்.

வீசுவதில்தான் விஷயம். சூடாக அடைத்தால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துச் சோற்றிலேயே சொட்டும். ஈரம் சேர்ந்தால் நசநசத்துவிடும். அரிசியோடு வருகிற சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாவதில்லை. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் மறுபடி முளைக்கும். புளியின் புளிப்பு அவற்றைத் தலைதூக்க விடாது. அம்மாவுக்கு நுண்ணுயிர் தெரியாது. 'தேங்கா தொட்டது எதுவும் வண்டியில ஏறக் கூடாது' என்கிற சட்டம் தெரியும். அதனால் துவையலில்கூடத் தேங்காய் கிடையாது. வறுத்த துவரம்பருப்பு, மிளகாய், பூண்டு, புளி அரைத்த கெட்டித் துவையல்தான்.

தயிர்ச்சோறு இதைவிடத் தந்திரமானது. அதில் தயிரே இருக்காது. குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் நிறைய விட்டு, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும். நாலு மணிக்கு வேன் கிளம்பும்போது அது பால்சோறு. வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி, மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போது அன்றைய தயிர்ச்சோறு. புளிப்பு ஏறியிருக்காது. காலைக்கு இட்லி, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் பத்துப் பத்தாக மடித்தது. இலையை வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, ராஜபாளையம் தாண்டியதும் இட்லி, புளியங்குடியில் எலுமிச்சம்பழம். புளியங்குடி எலுமிச்சைக்கு இப்போது புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அப்போது எங்களுக்கு அது குடலைப் புரட்டுகிறவர்களின் மூக்கில் வைக்கிற பழம். அருவியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, எல்லோரும் எழுதியாகிவிட்டது. பேரருவி, ஐந்தருவி, நடுவில் மரத்தடியில் அந்த இரண்டு படிச் சோறு. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. குரங்கு வந்து தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது.

இரவுச் சமையல் பெரியப்பா பொறுப்பு. வீட்டில் காப்பி டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர் வெளியூருக்கு வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியைப் பிடுங்கிவிடுவார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மரத்தடியில் வருகிற சமையல் ஆர்வம் ஏன் கூரைக்கு அடியில் வருவதில்லை என்பது தனித் தொடராகவே எழுத வேண்டிய விஷயம். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ, மஞ்சள் தடவித் தயாராக இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் வெங்காயம், பூண்டு உரித்து, மசாலா அரைத்து எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பெரியப்பா 'சமைக்க' உட்கார்ந்தார்.

பம்ப் ஸ்டவ்வைப் பார்க்காத தலைமுறைக்காக ஒரு வார்த்தை. அடியில் பித்தளைத் தொட்டி, அதில் மண்ணெண்ணெய். பக்கத்தில் இருக்கிற பம்பை அடித்தால் காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும். முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொளுத்தி பர்னரைச் சூடாக்கினால், மேலே வருகிற எண்ணெய் ஆவியாகி, மயிரிழை அளவு துவாரம் வழியாகச் சீறிக்கொண்டு நீலமாக எரியும். அந்தத் துவாரத்தில் கரியோ தூசோ ஒரு துளி அடைத்தால் கதை முடிந்தது. குத்தி எடுக்கத்தான் பின்: ஒரு சின்னத் தகரப் பட்டை, நுனியில் மெல்லிய கம்பி. பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான். அந்த வருஷப் பட்டியலில் அது இல்லை.

உலை காய்ந்துகொண்டிருந்தபோது சீறல் நின்றது. ஊசி, ஊக்கு, துடைப்பக் குச்சி எல்லாம் முயன்றாகிவிட்டது. விறகு கேட்டு வாங்கினோம். சாரலில் ஊறிய விறகு, கண்ணீரும் புகையும்தான் வந்தன. பக்கத்து மரத்தடியில் கோவில்பட்டிக் குடும்பம் ஒன்று, எங்களைப் போலவே. அந்த அம்மா தானாகவே எழுந்து வந்து தங்கள் பின்னை நீட்டினார். பெரியப்பா கர்ம சிரத்தையாக ஒரு குத்து. கம்பி துவாரத்துக்குள்ளேயே ஒடிந்துவிட்டது.

எங்கள் ஸ்டவ்வும் போச்சு, அவர்கள் பின்னும் போச்சு. பெரியப்பா தகரப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. 'அதனால என்னண்ணே, எங்க அடுப்பு எரியுதுல்ல, விடுங்க' என்றார் அந்த வீட்டுக்காரர். அம்மா ஒன்றும் பேசாமல் கோழிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டாள். 'ராத்திரி வச்சா கெட்டுப்போகும் மதினி, நீங்க ஆக்குங்க.' எந்த ஊர் என்று மட்டும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு அடுத்து ஒரு கேள்வி உண்டு. மரத்தடியில் அது வரவில்லை. மசாலாவோடு போன அந்தக் கோழிக்காகப் பெரியம்மா இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

பட்டியலில் பின் இரண்டு என்று ஏறிய கதை இதுதான். ஒன்று நமக்கு, ஒன்று இரவல் கேட்கிறவர்களுக்கு. கேஸ் அடுப்பு வந்த பிறகும் அம்மா அந்த வரியை அடிக்கவில்லை.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற பழக்கத்தில் ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். செய்தி படித்த அன்று எனக்கு எங்கள் வேனின் பின்சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டு வந்த மண்ணெண்ணெய் கேன்தான் நினைவுக்கு வந்தது.

மறுபடி குற்றாலத்து மரத்தடிக்கு வருவோம். சமைக்க வழியில்லை. பசியோ வயிற்றைக் கிள்ளுகிறது. 'பார்டருக்கு விடுப்பா' என்றார் மாமா டிரைவரிடம்.

குற்றாலத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் பிரானூர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, இங்கேதான் எல்லை. எல்லை மேற்கே மலைப் பக்கம் நகர்ந்த பிறகும் இந்த இடம் 'பார்டர்' ஆகவே நின்றுவிட்டது, இங்கே போடுகிற புரோட்டாவும் பார்டர் புரோட்டா ஆகிவிட்டது. விருதுநகர்க்காரர்களைப் புரோட்டாக் கடைக்கு அழைத்துப்போவது லேசான காரியமில்லை. எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டா, கல்லில் குளம்போல நிற்கிற எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று வருவது. இங்கே உள்ளங்கை அளவு, மெத்தென்று, அடித்து உதிர்த்தது. 'இது என்ன, தூங்கி எழுந்த மாதிரி இருக்கு?' என்றார் பெரியப்பா. அதன் மேல் கோழிக் குழம்பை ஊற்றினார்கள். அப்புறம் அவர் பேசவில்லை.

அம்மா அதற்கு முன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு தடவை தோசை தின்றதாகச் சொல்வாள், அவ்வளவுதான். குழம்பை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். 'சோம்பு தூக்கலா இருக்கு. பொட்டுக்கடலை அரைச்சு விட்டிருக்கான். கசகசாவும் உண்டு.' ஊருக்குத் திரும்பிய மறு ஞாயிறு அதே சாமான்களைப் போட்டு வைத்துப் பார்த்தாள். வரவில்லை, இன்றுவரை வந்ததில்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளிது. கடை அண்டாவில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பல கோழிகளின் எலும்பும் கொழுப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும், எடுக்க எடுக்க மேலும் சேரும். ஒரு வீட்டுக் கோழி அரை மணி நேரத்தில் அவ்வளவு கொடுக்காது.

அன்று இரவு கடையில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு ஒதுக்கினார்கள். பரிமாறிய அண்ணன் பெரிய தட்டோடு வரிசையாக வருவார். யாரையும் கேட்க மாட்டார், இலை காலியாக இருந்தால் இரண்டு விழும். வீட்டுப் பழக்கத்தில் அம்மா முதலில் எழுந்துபோய் எங்கள் இலைக்குக் குழம்பு ஊற்றப் பார்த்தாள். 'நீங்க உக்காருங்கக்கா, நான் இருக்கேன்ல' என்றார் அவர். உட்கார்ந்தாள். இரண்டு விழுந்தது. பிய்த்துத் தின்றாள். மறுபடி இரண்டு. அத்தை கை கழுவப் போனாள், பெரியம்மா போனாள், பிள்ளைகள் வேனில் ஏறித் தூங்கியாகிவிட்டது. நான் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்பது புரோட்டா சாப்பிட்டாள்.