சயானைத் தாண்டினால் உலகம்!
சைக்கிளில் புறப்பட்ட 6 நண்பர்கள்

-நமது சயான் நிருபர்

1923-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி. திங்கட்கிழமை. ஆபீசுகளும் மில்களும் வாரத்தைத் தொடங்கிய நாள். அன்றுதான் பம்பாயில் 6 பார்சி வாலிபர்கள், "உலகத்தைச் சுற்றி வருகிறோம்" என்று சைக்கிளில் ஏறிப் புறப்பட்டார்கள்.

ஆதி ஹக்கிம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா, கேகி போச்கானாவாலா, குஸ்தாத் ஹாத்திராம், நாரிமன் கபாடியா. பம்பாய் பளு தூக்கும் கழகத்து நண்பர்கள். எல்லோரும் இளவட்டம்.

அந்த நாளில் பம்பாய்த் தீவை விட்டுத் தரை வழியாக வடக்கே போக வாசல்கள் இரண்டே இரண்டு. ஒன்று மாகிம் பாலம். மற்றொன்று நமது சயான். "சீவ்" என்றால் மராத்தியில் எல்லை. அதுதான் ஆங்கிலேயர் வாயில் சயான் ஆயிற்று. குன்றின் மேல் இருக்கும் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அதற்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர், அந்தப் பக்கம் போர்த்துகீசியர். ஆக, நாம் தினமும் லோக்கல் பிடிக்கும் இந்த இடம், ஒரு காலத்தில் "வெளிநாட்டின்" வாசல்படி!

தினம் 44 கிலோ மீட்டர்

அந்த 6 பேரும் பஞ்சாப், பலூசிஸ்தான் வழியாகப் பாரசீகம் போனார்கள். பாக்தாத்தில் இருந்து அலெப்போ வரை பாலைவனத்தைச் சைக்கிளிலேயே கடந்தார்கள். பிறகு ஐரோப்பா, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, சயாம், பர்மா.

1928-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி பம்பாய் திரும்பினார்கள். மொத்தம் சுமார் 71 ஆயிரம் கிலோ மீட்டர்.

ரெயில்வே குமாஸ்தாவுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கப்பலில் போன நாள், ஓய்வு எடுத்த நாள் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் நாள் ஒன்றுக்கு 44 கிலோ மீட்டர்தான் வருகிறது. அன்றைய வி.டி.யில் இருந்து கல்யாண் 54 கிலோ மீட்டர். கல்யாணுக்குக் கொஞ்சம் முன்னால் வரை ஒரு மிதி. அதை 4 ஆண்டு 5 மாதம் விடாமல் செய்ய வேண்டும். அங்கேதான் இருக்கிறது சங்கதி!

திரும்பியவர்கள் எத்தனை பேர்? 3 பேர். ஹக்கிம், பாபாசோலா, பூம்காரா.

நாரிமன் கபாடியா டெஹ்ரான் வரை வந்து, சொந்தக் காரணத்தால் ஊர் திரும்பினார். ஹாத்திராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். போச்கானாவாலா அங்கிருந்து நாடு திரும்பினார். பாதியில் நின்றவர்கள் என்று இவர்களைக் கேலி பேசுவது சுலபம். பம்பாயில் இருந்து டெஹ்ரானுக்குச் சைக்கிள் மிதித்தவரைக் கேலி பேச, தாதரைத் தாண்டாத நமக்கு வாய் வரக்கூடாது.

3 பேரும் சேர்ந்து எழுதிய பயண நூல் 1931-ல் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் ஜவஹர்லால் நேரு. 1933-ல் இன்னும் 3 பார்சி வாலிபர்கள் புறப்பட்டு, 1942-ல்தான் திரும்பினார்கள்.

நம்ம பசங்க

இதெல்லாம் இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது.

சயான் கோலிவாடாவிலும் தாராவியிலும் வசிக்கும் நம் தமிழ் வாலிபர்கள் 4 பேர் சைக்கிளில் நேபாளம் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மாட்டுங்கா ஒர்க்ஷாப்பில் பிட்டர். 2 பேர் குமாஸ்தாக்கள். நான்காமவர் தாராவியில் தோல் பை தைப்பவர். வழியில் கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு.

நேபாளம் போக இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் போதும். ஆனால் எல்லைக்கே 1,500 கிலோ மீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும்!

முதல் நாள் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை விடியற்காலை மூட்டை முடிச்சோடு புறப்பட்டார்கள். குர்லா, காட்கோபர், முலுண்டு, தானா. அதுவரை பாட்டும் சிரிப்பும். தானா தாண்டியதும் பேச்சு குறைந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒருவருக்குப் பின்னால் கட்டிய ஸ்டவ் ஒரு பக்கம் சாய்ந்து, சைக்கிள் அந்தப் பக்கமே இழுத்தது. பாரத்தை இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இருக்கை வலியைப் பற்றிக் கேட்டேன். "அண்ணே, அதை மட்டும் பேப்பர்ல போடாதீங்க" என்றார் பிட்டர். போட்டுவிட்டேன்.

பிவண்டி பக்கம் போகும்போது தோல் பைக்காரருக்குப் போன் வந்தது. பேசியவர் அவர் அப்பா. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஆர்டர் பாதியில் நிற்கிறது.

"எலேய், சைக்கிள்ல ஊரு சுத்துததுக்கா ஒன்னைய பம்பாய்க்குக் கூட்டியாந்தேன்?"

அவர் ஒன்றும் பேசவில்லை. தன் சைக்கிளில் இருந்த அரிசியையும் பாத்திரங்களையும் மற்ற மூவருக்கும் பிரித்துக் கட்டினார். தனியாகத் திரும்பினார்.

மூவரும் சகாப்பூர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் கேட்டு, பக்கத்துக் காலி மனையில் கூடாரம் அடித்தார்கள். சோறு குழைந்தது. 4 பேருக்கு அளந்து போட்ட அரிசி. மிச்சத்தைக் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள்தான் கசாரா மலை. கசாராவில் இருந்து இகத்புரி வரை ரெயில் பாதையில் 37 அடிக்கு 1 அடி ஏற்றம். ரெயிலுக்கே பின்னால் என்ஜின் கொடுத்துத் தள்ளுகிறோம். சைக்கிளுக்கு யார் தள்ளுவது? இறங்கி உருட்டுவதுதான் வழி. வெட்கப்பட ஒன்றும் இல்லை. இவர்களோ அடிவாரம் வரை போய், மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பயணம் தீபாவளிக்குப் பிறகு. 3 பேர் லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நான்காமவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் போன வாரம் 4 சைக்கிளுக்கும் அளவு எடுத்து, இரண்டு பக்கமும் தொங்கும் 8 தோல் பைகளைத் தைத்து முடித்துவிட்டார்.