காட்டின் கார்பனை எடைபோடுவது யார்?

இந்தியக் காடுகளில் 728.5 கோடி டன் கார்பன் சேர்ந்திருப்பதாக இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. முந்தைய கணக்கெடுப்பைவிட இது 8.15 கோடி டன் அதிகம். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைக் காடுகளிலும் மரங்களிலும் கூடுதலாகச் சேர்ப்பதாகப் பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாம் வாக்களித்திருப்பதால், இந்த எண்கள் இனி வெறும் புள்ளிவிவரம் அல்ல. இவை செயற்கைக்கோள்களின் துணையோடு கணக்கிடப்பட்டவை என்றதும் வேறு சான்று தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், காட்டின் கார்பனை நேரடியாக அளக்கும் செயற்கைக்கோள் எதுவுமே இல்லை. விண்ணிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணும் தரையில் யாரோ ஒருவர் மரத்தை அளந்ததன் பலத்தில்தான் நிற்கிறது.

ஒரு மரத்தின் உலர்ந்த எடையில் கிட்டத்தட்டப் பாதி கார்பன். பன்னாட்டுக் கணக்கீடுகளில் பொதுவாக 47 சதவீதம் என்று கொள்கிறார்கள். உலர்ந்த எடையை உறுதியாக அறிய மரத்தை வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். எல்லா மரங்களையும் வெட்ட முடியாது. எனவே, வெட்டிப் பார்த்த சில ஆயிரம் மரங்களைக் கொண்டு சமன்பாடு ஒன்றை உருவாக்குகிறார்கள். ஜெரோம் ஷாவும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட வெப்பமண்டலச் சமன்பாடு, 58 இடங்களில் வெட்டி அளந்த 4,004 மரங்களிலிருந்து பிறந்தது. அடிமரத்தின் விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றும் தெரிந்தால் எடையை அது சொல்லிவிடும். இப்படிக் கணக்கிடப்பட்ட மாதிரித் திடல்களோடு ஒப்பிட்டுத்தான் செயற்கைக்கோளின் தரவு எடையாக மாற்றப்படுகிறது.

செயற்கைக்கோள்கள் உண்மையில் எதை அளக்கின்றன? 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசை, காட்டின் பசிய மேற்பரப்பைப் படமெடுக்கிறது. எங்கே காடு அழிந்தது என்று காட்டுவதில் அதற்கு இணை குறைவு. 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட நாசாவின் ‘ஜெடை’ கருவி, சுமார் 25 மீட்டர் அகலமுள்ள லேசர் புள்ளிகளைத் தரைமீது பாய்ச்சி, மர உச்சியிலிருந்தும் தரையிலிருந்தும் திரும்பும் ஒளியைக் கொண்டு உயரத்தைக் கணிக்கிறது. ஆனால், அதன் புள்ளிகள் நிலப்பரப்பில் சுமார் 4 சதவீதத்தில்தான் விழும்படி திட்டமிடப்பட்டது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ அனுப்பும் 24 செ.மீ. ரேடார் அலை மேகத்தையும் இலைகளையும் தாண்டிக் கிளைகளில் பட்டுத் திரும்புகிறது. ஆனால், காடு மிகவும் அடர்த்தியானால், மரம் கூடினாலும் அந்த ரேடார் எதிரொலி கூடுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டவே 70 செ.மீ. அலையோடு ஐரோப்பாவின் ‘பயோமாஸ்’ செயற்கைக்கோள் அதே ஆண்டு ஏப்ரலில் விண்ணுக்குப் போனது.

இவை எல்லாம் சேர்ந்தாலும் பிடிபடாதவை உண்டு. ஒரே உயரமுள்ள இலவ மரமும் கருங்காலியும் விண்ணிலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. அமேசானின் வடகிழக்கில் கட்டை கனமான மரங்களும் தென்மேற்கில் கனம் குறைந்தவையும் மிகுதி. 2014இல் எட்வர்ட் மிட்சார்ட் குழுவினர், 400க்கும் மேற்பட்ட தரைத் திடல்களோடு அன்று புகழ்பெற்றிருந்த இரண்டு செயற்கைக்கோள் வரைபடங்களை ஒப்பிட்டபோது, இந்த வேறுபாட்டை அவை காட்டத் தவறியிருந்தது தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற செங்குத்துச் சரிவுகளில் ஒரே லேசர் புள்ளிக்குள் மேடும் பள்ளமும் அடங்கிவிடுவதால் உயரமே பிசகுகிறது. இந்தியக் கணக்கிலோ பாதிக்கும் மேற்பட்ட கார்பன் மண்ணில் இருக்கிறது. அடர்ந்த காட்டின் அடியில் உள்ள அந்த மண்ணின் கார்பனை எந்தச் செயற்கைக்கோளும் அளப்பதில்லை.

இன்றைய இருப்போடு, இனி எவ்வளவு சேரும் என்பதும் தெரிய வேண்டும். அதற்குத்தான் சூழல் மாதிரிகள். மூர்க்ராஃப்ட், ஹர்ட், பகாலா ஆகிய ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்த மாதிரி, மரங்கள் முளைப்பதையும் ஒளிக்குப் போட்டியிடுவதையும் மடிவதையும் கணினியில் நிகழ்த்திப் பார்க்கிறது. ஒரே மழை, ஒரே மண் உள்ள இரு காடுகளில் ஒன்று முதிர்ந்தது, மற்றொன்று வெட்டிய பின் துளிர்த்தது என்றால், இரண்டாவதே வேகமாகக் கார்பனைச் சேர்க்கும். எது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை லேசர் தரும் உயரம் மாதிரிக்குச் சொல்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்கு இந்த முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். எனினும், வறட்சியில் எத்தனை மரங்கள் சாகும் என்பதை மாதிரி தானாக அறியாது. முதுமலையில் 50 ஹெக்டேர் திடலில் 1988 முதல் இந்திய அறிவியல் கழகத்தினர் செய்துவருவதைப் போல, அதே மரங்களை மீண்டும் மீண்டும் அளந்தால்தான் அது தெரியவரும்.

இவ்வளவு குறை இருந்தால் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்கலாம். காங்கோ படுகையை நாடாவோடு நடந்து அளந்து முடிக்க முடியாது; பரப்பு முழுவதையும் அடிக்கடி பார்ப்பது விண்ணிலிருந்து மட்டுமே இயலும். பரப்பு பெரிதாகும்போது கூட்டலும் கழித்தலுமாகப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பதும் ஓரளவு சரி. ஆனால், கட்டையின் அடர்த்தியைத் தவறாகக் கொண்டதுபோல ஒரே பக்கம் சாயும் பிழை, பரப்பு கூடினாலும் மறையாது. மொத்த அளவு தவறினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலான மாற்றம் சரியாக இருக்கும் என்பது இன்னொரு வாதம். முறையும் கருவியும் மாறாதவரை அது பொருந்தும். புதிய செயற்கைக்கோள்கள் வரும் காலத்தில் அவை மாறாமல் இருக்காது. நம் 8.15 கோடி டன் உயர்வு, மொத்த இருப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பற்றிப் பேச, அளவீட்டின் பிழை எவ்வளவு என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே, காட்டுக் கார்பன் குறித்த எந்த எண்ணையும் அதன் பிழை வரம்போடு சேர்த்தே அரசும் நிறுவனங்களும் வெளியிட வேண்டும். மாதிரித் திடல்களின் தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நிலையான திடல்களைப் பராமரிக்கவும் களப்பணியாளர்களுக்கு ஊதியம் தரவும் ஆகும் தொகை சிறியது. அதை மிச்சப்படுத்த நினைத்தால், விண்ணில் செலவிட்ட பணத்துக்கும் உரிய பயன் கிடைக்காது.