டிக்டிக்கா, டொக்டொக்கா?

அடுத்த வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். காது கொடுத்துக் கேட்டால், சத்தம் வருவது நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பிக்கப் வண்டியிலிருந்து! காய்கறியும் கல்யாணப் பாத்திரமும் சுமந்து 15 வருஷமாகக் குடும்பத்தைக் காப்பாற்றிய வண்டி அது. பட்டறையில், "எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்களோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது அல்லவா?

பயப்படுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 10 நிமிஷம் ஆறவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் கீழே எண்ணெய் இருந்தால் பாதி மர்மம் அங்கேயே விடுபட்டது. பல எஞ்சின்களில் வால்வைத் திறக்கும் டாப்பெட்டுகள் எண்ணெயின் அழுத்தத்தால்தான் இடைவெளி விழாமல் நிற்கின்றன. எண்ணெய் குறைந்தாலும் அழுக்கேறினாலும் அவை 'டிக்டிக்' என்று முறையிடும். சரியான எண்ணெயை ஊற்றியதும் அடங்கிவிடுவதும் உண்டு. ஆனால் ஓடும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், "அந்தத் திருப்பம் வரைக்கும் போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. எண்ணெய் அழுத்தம் போன எஞ்சின் சில நிமிஷங்களிலேயே தன்னைத் தானே அரைத்துத் தின்றுவிடும்.

எண்ணெய் சரியாகவே இருக்கிறதா? இனி உங்கள் காதுக்குத்தான் வேலை. கிரைண்டர் சத்தத்திலேயே மாவின் பதம் சொல்லுகிறவர்களுக்கு இது பெரிய வித்தையல்ல. (வண்டி சமாசாரம் ஆண்கள் சமாசாரம் என்பதெல்லாம் ஆண்களாகச் சொல்லிக் கொண்டது!)

எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய, சீரான டிக்டிக் வந்தால் பெரும்பாலும் அது வால்வு விவகாரம். கிராங்க் தண்டு 2 சுற்றுச் சுற்றினால்தான் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறக்கும்; ஆகையால் இந்தச் சத்தம் எஞ்சினின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். டாப்பெட் இடைவெளியைத் திருகி வைக்கும் எஞ்சினானால், அரை நாளில் சரிசெய்துவிடலாம்.

கீழிருந்து உலக்கை போடுவதுபோல் கனமாக டொக்டொக் என்று கேட்பதுதான் பொல்லாதது. எஞ்சின் சூடேறி எண்ணெய் இளகியதும், பாரம் இழுக்கும்போதும் அது அதிகமாகும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததற்கு அது அடையாளம். அப்படியே ஓட்டினால் ராடு முறிந்து எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதே உத்தமம்.

காலையில் மட்டும் டிக்டிக் என்று கத்திவிட்டு, சூடேறியதும் சமர்த்தாகிவிடும் வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் 1999 மாடலாக வந்த ஷெவர்லே சில்வராடோ பிக்கப்பின் வி-8 எஞ்சின்களில் இது பிரசித்தம். புகையை வெளியேற்றும் மேனிபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் கடைசிப் போல்ட்டின் தலை ஒடிந்துவிடும். அந்தச் சந்தில் புகை சீறுவது டிக்டிக்காகக் கேட்கும். இரும்பு சூட்டில் விரிந்து சந்து மூடிக்கொண்டால் சத்தமும் போய்விடும். போல்ட் மாற்றுவதோடு போகிற செலவுக்கு எஞ்சினையே இறக்கியவர்களை என்னவென்று சொல்வது!

பெட்ரோல் வண்டி மேடு ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்கினாற்போல் சத்தம் போட்டால், குற்றம் பெட்ரோலின் தரத்திலோ, பொறி விழும் நேரத்திலோ இருக்கலாம். டீசல் வண்டிக்கோ கடகடப்பு பிறவிக் குணம். புதிதாகச் சேர்ந்த சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் சத்தம் பிறக்கும் இடம் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலை முடிந்துகொண்ட பிறகே குனியுங்கள். சுழலும் விசிறிக்குத் தாட்சண்யம் கிடையாது.

பட்டறைக்காரரிடம், "ஏதோ சத்தம் வருதுங்க" என்று மட்டும் சொல்லாமல், குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா பாரத்திலா, மேலேயா கீழேயா என்று சொல்லுங்கள். எண்ணெய் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்த்தால், எதை நிறுத்தும்போது தட்டல் குறைகிறதோ அங்கேதான் ராடு பேரிங் கெட்டிருக்கிறது. அப்படியும் "இறக்கத்தான் வேணும்" என்றால், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, அந்தப் பேரிங்கை உங்கள் கண்ணிலே காட்டச் சொல்லுங்கள். நன்றாகத் தேய்ந்த பேரிங்கில் மேல்பூச்சின் சாம்பல் நிறம் போய், உள்ளேயிருக்கும் செம்பு பளிச்சென்று தெரியும்.