பொறி வாசிக்கும் விளக்கவுரை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளிலே காத்தான்குடியின் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். பிள்ளையின் கையிலே கைப்பேசி. அருகிலே வாப்பாவும் உம்மாவும். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் திறக்கப்படுகின்றது, பரீட்சை தெரிவு செய்யப்படுகின்றது, சுட்டெண் இடப்படுகின்றது, பொத்தான் அழுத்தப்படுகின்றது. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். இந்நான்கு செயல்களையும் மனிதக் கை படாமலே உலாவியைக் கொண்டு செய்விக்கும் கருவிகள் இன்று உள. அக்கருவிகளைப் பற்றி எழுதப்படும் விளக்கவுரை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கருவிகள் முற்றிலும் புதியன அல்ல. 2004 ஆம் ஆண்டிலே, சிக்காகோ நகரில், தோட்வர்க்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஜேசன் ஹகின்ஸ் என்பார் ஓர் இணையச் செயலியைச் சோதிக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்க ஒரு கருவியை ஆக்கினார். அதுவே செலினியம். 2017 இல் கூகிள் நிறுவனத்தார் பப்பெட்டியர், அஃதாவது பொம்மலாட்டக்காரர் என்ற கருவியையும், 2020 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் பிளேரைட், அஃதாவது நாடகாசிரியர் என்ற கருவியையும் வெளியிட்டனர். எந்தப் பொத்தானை எப்பொழுது அழுத்துவது என்பதை நிரலாளர் முன்னரே எழுதிவைப்பார். கருவி அவ்வண்ணமே ஆடும். அண்ணாவியாரின் சொற்படி கூத்து நடைபெறும் மட்டக்களப்பு நாட்டாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் செயற்கை நுண்ணறிவு முகவர் வந்தபின் நிலைமை வேறாயிற்று. "இந்தச் சுட்டெண்ணுக்குரிய பெறுபேற்றைப் பார்த்துச் சொல்" என்றாற் போதும். எந்தக் கருவியை எடுப்பது, அடுத்த அடி யாது என்பதை முகவரே தீர்மானிக்கின்றது. கருவிகளையும் முகவரையும் இணைப்பதற்கென அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி, கருவி ஒவ்வொன்றும் தன் பெயர், தன்னைப் பற்றிய விளக்கம், தனக்கு வேண்டிய உள்ளீடுகள் ஆகியவற்றோடு முகவருக்கு அறிமுகமாகின்றது. அந்தச் சில வரிகளே முகவருக்கு வழிகாட்டி.

வினாத்தாளின் தலைப்பில் உள்ள அறிவுறுத்தல்களை நேயர்கள் நினைவு கூர்க. மண்டபத்திலிருக்கும் மாணவன், வினாவை ஆக்கியவரிடம் சென்று ஐயம் கேட்க இயலாது. "ஐந்து வினாக்களுக்கு விடை தருக" என்று மட்டும் எழுதி, "மட்டும்" என்பதை விட்டுவிட்டால், எட்டுக்கும் விடை எழுதி நேரத்தை இழக்கும் பிள்ளை ஒன்றேனும் இருக்கும். முகவரும் அத்தகைய மாணவனே. மனிதருக்கு எழுதும்போது விட்டுவிடத்தக்கவை அனைத்தும் இங்கே எழுதப்படல் வேண்டும்.

பிளேரைட்டை மேற்கூறிய நெறிமுறைக்கு ஏற்ப அமைத்தோர் செய்த ஏற்பாடு கவனிக்கற்பாலது. அவர்களுடைய கருவி, பக்கத்தைப் படமாகவன்றி எழுத்தாக்கி, உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டு முகவரிடம் தருகின்றது. சொடுக்கும் கருவியின் உள்ளீடுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று அந்தக் குறி. அது பொறிக்கு உரியது. மற்றையது சொடுக்கப்படவிருக்கும் பொருளின் பெயர். அது மனிதரிடம் அனுமதி கேட்பதற்கு உரியது. இரண்டும் ஏன் வேண்டும் என்பதை விளக்கத்திலேயே கூறியிருக்கின்றனர். பக்கம் மாறியபின் பழைய குறி செல்லாது, புதிதாகப் படியெடுத்தல் வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டிய ஒன்றாகும்.

இவற்றினும் பெரிது தோல்வியைப் பற்றிய குறிப்பு. விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பிக்கும் பொத்தானை முகவர் அழுத்துகின்றது; இணைய இணைப்பு மந்தமாகி மறுமொழி வரவில்லை. மனிதர் சற்றுத் தயங்குவர். "மறுமொழி இல்லையேல் மீண்டும் அழுத்தாதே, முதலிற் பக்கத்தைப் பார்" என்ற வரி இல்லாவிடின் முகவர் மறுபடியும் அழுத்தக்கூடும், ஒரே விண்ணப்பம் இருமுறை பதிவாகும், கட்டணமும் இருமுறை கழியலாம். கருவி என்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதுவோர் பலர். அது என்ன செய்யாது, எப்பொழுது நின்று மனிதரைக் கேட்டல் வேண்டும் என எழுதுவோர் சிலரே.

எல்லாவற்றையும் விளக்கவுரையாலே காத்துவிடலாம் என்பதும் பேதைமை. தான் வாசிக்கும் பக்கத்திலே மறைந்திருக்கும் தீய கட்டளையை, தன் எசமானரின் கட்டளையென்று முகவர் மயங்குவது உண்டு. "பக்கத்திலுள்ளது செய்தி, கட்டளையன்று" என எழுதுவது நன்றே. ஆயினும் பணம் செலுத்தும் அதிகாரத்தைக் கருவிக்குக் கொடாதிருத்தல் அதனினும் நன்று.

தமிழ்ப் பக்கங்களுக்கு மற்றுமொரு தடையுண்டு. பக்கத்தை எழுத்தாக்கும்போது அக்கருவி கைக்கொள்வது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் நம்பியிருக்கும் அதே அமைப்பைத்தான். பெயரிடப்படாத பொத்தான் இருவருக்குமே வெறும் பொத்தான். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவிலே "தமிழ்" என்ற சொல், கணினியின் உள்ளே நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். கண்ணால் நோக்குவோருக்கு அது தமிழ். முகவருக்கும் காத்தான்குடியிலே செவியால் வாசிக்கும் ஒருவருக்கும் பொருளற்ற ஒலி. யுனிக்கோட் முறைக்கு மாற்றப்பட்ட பக்கத்திலே இத்தடை இல்லை; பொத்தான்களுக்குத் தமிழிற் பெயரிடும் வேலை மட்டுமே எஞ்சும்.