பிக்கப் வண்டியின் அதிர்வும் அதன் மூலமும்

புதிதாக வாங்கிய பொருளிற் பழுது இராது என்பது மக்களின் பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கையைப் பெரிதுஞ் சோதனைக்கு உள்ளாக்குவது புதிய மோட்டார் வண்டியில் விடாது தோன்றும் அதிர்வாகும். எஞ்சின் ஒழுங்காக இயங்கும்; எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது; வண்டியும் நேராகவே ஓடும். ஆயினும் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதும் சுக்கான் சில்லு நடுங்கத் தொடங்கும், இருக்கை துடிக்கும், குவளையிலுள்ள நீரில் வட்ட வட்டமாக அலைகள் எழும். வேகம் இன்னுஞ் சிறிது கூடினால் அந்நடுக்கம் தானே அடங்கிவிடும்.

வண்டிக்காரர் விற்றவரிடமே வண்டியைக் கொண்டுசெல்கின்றார். சில்லுகளின் சமநிலை சரிசெய்யப்படுகின்றது, நடுக்கம் நீங்கவில்லை. ரயர்கள் மாற்றப்படுகின்றன, நடுக்கம் நீங்கவில்லை. அதிர்ச்சிதாங்கிகளும் மாற்றப்படுகின்றன. இறுதியில், இவ்வகை வண்டியின் இயல்பே இதுதான் என்னும் விடை கிடைக்கின்றது. பணமும் காலமும் வீணாவதோடு, வாங்கியவருக்கும் திருத்துபவருக்கும் இடையிலிருந்த நம்பிக்கையும் குலைந்துபோகின்றது. நோயின் முதலை நாடாது மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வைத்தியத்தை இது ஒக்கும்.

இவ்விடர்ப்பாட்டினின்றும் தப்புதற்கு வழி ஒன்றுண்டு. சுழலும் உறுப்பு ஒவ்வொன்றும், வண்டியின் ஒரு குறித்த வேகத்தில், ஒரு குறித்த எண்ணிக்கைப்படியே சுழலும். ஆதலின் அதிர்வு ஒரு செக்கனில் எத்தனை தடவை நிகழ்கின்றது என்பதை, அஃதாவது அதன் மீடிறனை, அறிந்தவன் அதனைப் பிறப்பிக்கும் உறுப்பையும் பெரும்பாலும் அறிந்தவனாவான். முதலில் எண்ணுதல், பின்னர் மாற்றுதல் என்பதே இத்துறையின் முதல் விதி.

பிக்கப் வண்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சிறப்பாக வளர்ச்சிபெற்ற ஊர்தி. 1925ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் தனது மொடல் ரி வண்டியைச் சுமைப்பெட்டியுடன் தொழிற்சாலையிலேயே முற்றாக்கி 281 டொலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. கமக்காரரின் சுமைவண்டியாகப் பிறந்த அது, இன்று அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் மணிக்கு 105 முதல் 120 கிலோமீற்றர் வேகத்தில் நாள்முழுதும் ஓடும் குடும்ப ஊர்தியாகவும் விளங்குகின்றது. ஆயினும் அதன் அடிப்படை அமைப்புப் பெரிதும் மாறவில்லை. ஏணி போன்ற உருக்குச் சட்டகம். அதன்மேல் றப்பர் மெத்தைகள் தாங்கும் சாரதி அறை. அவ்வறையினின்றும் பிரிந்து நிற்கும் சுமைப்பெட்டி. பெரும்பாலான வண்டிகளில் தகட்டுவில்களோடு பிணைந்த கனத்த பின்னச்சு. எஞ்சினின் வலுவை அவ்வச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட செலுத்தற்றண்டு. பட்டறைகளில் இத்தண்டைப் புறொப்பெலர் சாப்ற் என்பர். பாரஞ் சுமத்தற்கென அமைந்த விற்கள், பெட்டி வெறுமையாயிருக்கும்போது மிக விறைப்பாக நிற்கும். நீண்ட சட்டகமோ மெல்ல வளைந்து நிமிரும் இயல்புடையது. எனவே சிறிய காரில் உணரப்படாத சிறு குறையும் பிக்கப்பில் உணரப்படலாம்.

அதிர்வு ஒரு குறித்த வேகத்தில் மட்டும் எழுந்து பின்னர் அடங்குவது ஏன்? இதற்கு விடை பரிவு என்னும் தோற்றப்பாடாகும். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துச் சிறிது சிறிதாகத் தள்ளினாலும் அது பேராட்டங் கொள்ளும். 1831ஆம் ஆண்டு ஏப்பிரில் 12ஆந் திகதி, இங்கிலாந்தில் மான்செஸ்ரர் நகருக்கு அருகிலுள்ள பிறோட்டன் தொங்குபாலத்தின்மேற் படைவீரர் சிலர் அடியொத்து நடந்தபோது பாலம் முறிந்து வீழ்ந்தது. பாலத்தின் ஆணியொன்று முன்னரே வலுக்குன்றியிருந்தமை ஆராய்வில் வெளிப்பட்டது. எனினும் அந்நிகழ்ச்சியின் பின்னர், பாலங்களைக் கடக்கும்போது அடியொவ்வாது நடக்குமாறு படைவீரர் பணிக்கப்பட்டனர். வண்டியிலும் இவ்வாறே. ரயருக்கும் வில்லுக்கும் இடையில் நிற்கும் சில்லும் அச்சும் செக்கனுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 தடவை துள்ளும் இயற்கையுடையன. சில்லின் சுழற்சி அவ்வெண்ணை அணுகும்போது சிறு குறையும் பெருநடுக்கமாகின்றது. அதனைக் கடந்ததும் நடுக்கம் தணிகின்றது. எனவே நடுக்கம் அடங்கிவிட்டமை குறை நீங்கிவிட்டமைக்குச் சான்றாகாது.

இனி எண்களை நோக்குவோம். பிக்கப் வண்டிகளிற் பரவலாக வழங்கும் 265/70 ஆர் 17 என்னும் அளவுடைய ரயரை எடுத்துக்கொள்க. அதன் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர். சுற்றளவு ஏறத்தாழ 2.52 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர் ஆதலின், சில்லு செக்கனுக்கு 11 தடவை சுழலும். பின்னச்சின் பற்சில்லு விகிதம் 3.73 எனின், செலுத்தற்றண்டு செக்கனுக்கு 41 தடவை சுழலும். உயர்ந்த கியரின் விகிதம் 0.67 எனின், எஞ்சின் செக்கனுக்கு 27.5 தடவை சுழலும். அது எட்டு உருளை எஞ்சினாயின், ஒரு சுழற்சிக்கு நான்கு வெடிப்பு வீதம் செக்கனுக்கு 110 வெடிப்புக்கள் நிகழும். ஒரே வேகத்தில் ஓடும் ஒரே வண்டியில் 11, 27.5, 41, 110 என மீடிறன்கள் ஒன்றினொன்று வேறுபட்டு நிற்றலைக் காண்க. கையால் உணரத்தக்க மெதுவான நடுக்கம் சில்லினது; பாதத்திலும் இருக்கையிலும் படும் விரைவான துடிப்புத் தண்டினது; செவியில் முழக்கமாகக் கேட்பது பெரும்பாலும் எஞ்சினது.

கருவியின்றியும் இவ்வேறுபாட்டை ஒருவாறு அறியலாம். வாகனப் போக்குவரத்துக் குறைந்த நேரான வீதியில், ஒருவர் வண்டியைச் செலுத்த மற்றொருவர் குறிப்பெடுத்தல் வேண்டும். நடுக்கம் எழும் வேகத்தை மாற்றாது கியரை மட்டும் ஒருபடி குறைத்தல் முதற் சோதனை. அப்போது எஞ்சினின் சுழற்சி கூடும். சில்லின் சுழற்சியும் தண்டின் சுழற்சியும் மாறா. நடுக்கம் மாறாது நின்றால் எஞ்சின் குற்றமற்றது. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் அதே சுழற்சிக்கு உயர்த்துதல் இரண்டாஞ் சோதனை. அப்போதும் நடுக்கந் தோன்றின் சில்லையும் தண்டையும் ஐயுறல் வேண்டா. வேகங் கூட்டும்போது மட்டும் நடுக்கம் எழுந்து, மிதியை விட்டதும் மறையுமாயின் தண்டின் மூட்டுக்களை நோக்குக. தடுப்பை மிதிக்கும்போது மட்டும் எழுமாயின் தடுப்புத் தட்டுக்களை நோக்குக.

சில்லே காரணமெனத் துணிந்தால், அதன் குறைகள் மூவகைப்படும். முதலாவது சமநிலைக் குறை. சில்லின் விளிம்பில் 30 கிராம் மிகையாக இருப்பின், மேற்கூறிய வேகத்தில் அது ஏறத்தாழ 31 நியூட்டன் விசையால், அஃதாவது 3 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தின் அளவால், அச்சைச் செக்கனுக்கு 11 தடவை இழுக்கும். இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அதன் காற்பங்கே தோன்றும். சேற்று வழியில் ஓடிய பிக்கப்பின் சில்லினுள்ளே ஒட்டிக் காய்ந்த மண்ணும் இக்குறையை உண்டாக்கப் போதியது. இரண்டாவது வட்டக் குறை. சில்லு அதன் குடத்தில் நடுவொத்து அமராவிடினும், ஆணிகள் ஒழுங்கின்றி இறுக்கப்படினும், சில்லு முட்டை வடிவிற் சுழல்வதுபோல் ஆகும். நெடுநாள் ஓரிடத்தில் நின்ற புதுவண்டியின் ரயரில், நிலத்தைத் தொட்டிருந்த பகுதி தட்டையாகிவிடுதலும் உண்டு. ஓடிச் சூடேறியதும் அத்தட்டை பெரும்பாலும் நீங்கும். ஆதலின் சூடேறும் முன்னரும் பின்னரும் நடுக்கத்தை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

மூன்றாவது விறைப்புக் குறை. பலரும் அறியாது விடுவது இதுவே. ரயரின் சுற்றில் ஓரிடம் மற்றோரிடத்திலும் விறைப்பாயிருப்பின், அது நிலத்தை அழுத்துந்தோறும் அச்சை மேலே தள்ளும். தாங்கியில் தொங்கிச் சுழலும் ரயரை நிறுத்துச் சமன்செய்யும் சாதாரண பொறி இக்குறையைக் காணமாட்டாது. பாரம் ஏறினாலன்றி அது வெளிப்படாது. எனவே உருளையொன்றினால் ரயரை அழுத்திக்கொண்டே சுழற்றி அளக்கும் பொறி வேண்டப்படுகின்றது. ரயரின் உயர்ந்த இடத்தைச் சில்லின் தாழ்ந்த இடத்தோடு பொருத்தி ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுசெய்யலாம். சமநிலை மும்முறை சரிசெய்தும் நீங்காத நடுக்கம் இம்முறையால் நீங்குதல் உண்டு.

தண்டின் குறை இதனின்றும் வேறானது. அச்சு மேலுங் கீழும் அசைதலின், தண்டின் இருமுனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுக்கள் அமைந்துள்ளன. இம்மூட்டை 1676ஆம் ஆண்டிலேயே றொபேட் ஊக்கு என்னும் ஆங்கில அறிஞர், ஞாயிற்றை நோக்குங் கருவிகள் பற்றிய நூலில் விளக்கியுள்ளார். நெகிழ்வு விதியைக் கண்டவரும் அவரே. இம்மூட்டு சாய்ந்து சுழலும்போது, உட்செல்லும் சுழற்சி சீராயினும் வெளிவருஞ் சுழற்சி சீராயிராது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். சாய்வு 3 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு 0.14 அளவினது, 10 பாகையாயின் நூற்றுக்கு 1.5 அளவினது. இரு மூட்டுக்களின் கோணங்களும் சமமாயின் ஒன்றன் சீர்கேட்டை மற்றது நீக்கிவிடும். பெட்டியில் பாரம் ஏற்றினாலும், வண்டியை உயர்த்துதற்கு வில்லின்கீழ்க் கட்டை வைத்தாலும், இச்சமன் குலையும். அப்போது செக்கனுக்கு 41இன் இருமடங்காகிய 82 தடவை துடிப்பெழும். 82 என்னும் எண் காணப்படின், தண்டைச் சமன்செய்து பயனில்லை. கோணங்களையே அளத்தல் வேண்டும். 41 காணப்படின், தண்டின் வளைவையும் சமநிலையையும் நோக்குக. நீண்ட வண்டிகளில் தண்டு இரண்டாகப் பகுக்கப்பட்டு நடுவே பெயரிங் ஒன்றினால் தாங்கப்படுதற்கும் காரணமுண்டு. தண்டு வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும் மாறுநிலை வேகம் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறானது. நீளம் பாதியாயின் அவ்வேகம் நான்கு மடங்காகும்.

எஞ்சினிலும் புதுமையான காரணமொன்று உளது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துதற்காகச் சில எட்டு உருளை எஞ்சின்கள், சீரான ஓட்டத்தில் நான்கு உருளைகளை ஓய்வில் விடுகின்றன. அப்போது செக்கனுக்கு 110 ஆக இருந்த வெடிப்புக்கள் 55 ஆகக் குறைய, முழக்கம் துடிப்பாக மாறும். இது பழுதன்று; அமைப்பின் விளைவு. பழுது எது, இயல்பு எது என்னும் வழக்கையும் எண்ணே தீர்த்துவைத்தலை இங்குக் காண்க.

இவ்வெண்ணை அறிதல் முற்காலத்தில் அரிதாயிருந்தது. இன்று கைத்தொலைபேசியினுள்ளேயே ஆர்முடுகல்மானி அமைந்திருக்கின்றது. பிரான்சிய அறிஞர் பூரியர் 1822ஆம் ஆண்டு வெப்பம் பற்றிய நூலில் வகுத்த கணிதமுறையால், கலந்துவரும் அதிர்வைத் தனித்தனி மீடிறன்களாகப் பிரித்துக் காட்டும் வசதியும் அதிற் கிடைக்கின்றது. தொலைபேசியை இருக்கைத் தண்டவாளத்தில் அசையாது பொருத்தி, வேகம், கியர், எஞ்சினின் சுழற்சி, பாரம், ரயரின் சூடு ஆகியவற்றை ஒருங்கே குறித்துக்கொண்டால், பட்டறைக்குக் கொண்டுசெல்வது முறைப்பாடாக இராது; சான்றாக இருக்கும்.

இச்சான்று சட்டத்தின் முன்னரும் மதிப்புடையது. பழுதான புதுவண்டியை அமெரிக்கர் எலுமிச்சம்பழம் என்பர். 1982ஆம் ஆண்டில் கனற்றிக்கற் மாநிலம் முதன்முதல் இயற்றிய எலுமிச்சைச் சட்டமும், பின்னர் ஏனைய மாநிலங்கள் இயற்றியவையும், நியாயமான தடவைகள் முயன்றும் திருத்தப்படாத பெரும்பழுதுக்கு மாற்றுவண்டியோ பணமோ பெற வழிவகுத்தன. எழுத்திற் பதியப்படாத நடுக்கத்தை எவரும் நிறுவுதல் அரிது. உயிருக்கு ஊறும் இதில் அடங்கியுள்ளது. தளர்ந்த சில்லாணியும் தேய்ந்த மூட்டும் முதலில் நடுக்கமாகவே தம்மை அறிவித்தல் கூடும். திடீரெனத் தோன்றி நாளுக்கு நாள் வளரும் நடுக்கத்தை இயல்பெனக் கொண்டு ஓடுதல் தகாது.

வண்டி தன் குறையை மறைப்பதில்லை. ஒவ்வொரு செக்கனிலும் அதனை எண்ணிக்கையாகச் சொல்லிக்கொண்டே ஓடுகின்றது. அதனைக் கேட்டு எண்ணுதற்கு வேண்டுவன பௌதிகத்தின் எளிய விதிகளும் சிறிது பொறுமையுமே. வகுப்பறையிற் கற்ற மீடிறனும் பரிவும் பட்டறையில் ஒருவரின் பொருளையும் உயிரையும் காக்கும்போது, அக்கல்வி தன் பயனை அடைகின்றது.