அம்பாரம் என்னும் சொல் வந்த வழி

எம் ஊராகிய நாவிதன்வெளியின் பெயரில் ஈற்றில் நிற்கும் 'வெளி' என்னும் சொல் வயற்பரப்பைக் குறிப்பதாகும். பெரும்போக அறுவடை முடிந்த நாள்களில் இப்பக்கம் வந்து காண்போர் அப்பெயரின் பொருத்தத்தை நன்குணர்வர். முன்னாளிற் களத்திற் சூடு வைத்து, எருமை பூட்டி மிதித்த நெல், இந்நாளில் இயந்திரத்தின் வாயிலிருந்தே சாக்கில் வந்து விழுகின்றது. எனினும் நெல்லைக் காயவைப்பதற்கு மட்டும் வெயிலையன்றி வேறு துணையில்லை. முற்றங்களிலும் தெருவோரங்களிலும் நெல் பரவிக் கிடக்கும். மாலையிற் கூட்டிக் குவிப்பர். அக்குவியலைக் கண்டு 'அம்பாரமாய்க் கிடக்கின்றது' என எழுதாத மாணவன் எம் வகுப்பில் அரியன். அச்சொல்லைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டனர். இலக்கியத்தினும் முந்திச் செலுத்தவேண்டிய கடன் ஒன்று எமக்கு உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த புதிதில், 'அம்பாரம்' என்பதனை 'அம்' எனவும் 'பாரம்' எனவும் பிரித்து, 'அழகிய சுமை' எனப் பொருள் கூறிக் கரும்பலகையில் எழுதினோம். பல ஆண்டு அவ்வாறே எழுதினோம். 'பாரம்' வடசொல் என்பதனை அறிந்திருந்தும், பிரித்துக் காட்டிய அழகில் மயங்கி, அப்பிரிப்புக்குச் சான்று யாதென எம்மை யாமே வினவினோமல்லோம். மாணவரும் அதனை நம்பித் தம் குறிப்பேடுகளிற் பதித்துக்கொண்டனர்.

அம்மாணவருள் ஒருவர் பின்னர் வளைகுடா நாடொன்றிற் பண்டசாலைப் பணியில் அமர்ந்தார். விடுமுறையில் வந்தவர் எம்மைக் காணவந்து, பேச்சிடையே, "சேர், எங்களோடு வேலைசெய்த ஈரான்காரர் ஸ்டோரை 'அம்பார்' என்றுதான் சொல்லுவார், துருக்கிக்காரரும் அப்படியே சொல்லுவார். நீங்கள் சொல்லித்தந்த அழகிய சுமை அங்கே எப்படிப் போனது?" என்றார். அவர் நகையாடிக் கேட்டாரல்லர். விடை வேண்டியே கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. அன்று மாலையே சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினோம். நெற்குவியல், களஞ்சியம் என்னும் பொருள்களோடு, உருதுவின் வழி வந்த சொல் என்ற குறிப்பும் ஆங்கே இருந்தது. முதல் நாளே அதனைப் பார்த்திருக்கலாம்.

இச்சொல்லின் பிறப்பிடம் பாரசீகம். இக்காலப் பாரசீகத்தார் இதனை 'அன்பார்' என எழுதி 'அம்பார்' என ஒலிப்பர். பகரத்தின் முன் நின்ற னகரம் மகரமாய் ஒலித்தல் நாவுக்கு இயல்பாதலின் இதில் வியப்பில்லை. இசுலாத்துக்கு முற்பட்ட இடைக்காலப் பாரசீகத்தில் இதன் வடிவம் 'ஹம்பார்' என்பது. அதன் முற்பகுதி 'ஹம்'. 'ஒருங்கே' என்பது பொருள். பிற்பகுதி 'நிரப்புதல்' என்னும் பொருளுடைய வேரினின்று வந்தது. இன்றும் 'அன்பாஷ்தன்' என்னும் பாரசீக வினை நிரப்பிக் குவித்தலையே உணர்த்தும். ஆகவே, ஒருங்கே நிரப்பி வைத்த இடம் அம்பார். இந்த 'ஹம்' வடமொழியிலுள்ள 'சம்' என்பதன் உடன்பிறப்பாம். வடமொழியிற் சகரமாய் நிற்பது பாரசீகத்தில் ஹகரமாய்த் திரியும். சிந்து என்னும் ஆற்றின் பெயர் அவர் நாவிற் 'ஹிந்து' ஆனதும் அத்திரிபினாலேயே. எம் கல்லூரியின் பெயரிலுள்ள 'இந்து' என்னும் சொல்லும் அவ்வழி வந்ததேயென்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

ஒரு சொல் ஊர்ப்பெயராய் உறைந்துவிட்டால் அதன் பழமையை எளிதில் அறியலாம். ஈராக் நாட்டில் யூபிரட்டீசு ஆற்றங்கரையில், இன்றைய பல்லூஜாவுக்கு அருகே, அன்பார் என்றொரு பழைய நகர் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டிற் சாசானிய மன்னன் முதலாம் ஷாப்பூர் உரோமரை வென்றதன் நினைவாக அதற்குப் பேரோஸ் ஷாப்பூர் எனப் பெயரிட்டான். 363ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் யூலியன் அதனை முற்றுகையிட்டு எரித்தான். நகர் மீண்டும் எழுந்தது. மேற்கெல்லையிற் காவல் புரிந்த படைக்கு வேண்டிய தானியத்தைச் சேர்த்துவைத்த இடமாதலின், மன்னன் இட்ட பெயர் மறைய, களஞ்சியத்தின் பெயரே நிலைத்தது. 752இல் அப்பாசியரின் முதற் கலீபாவாகிய அஸ்ஸஃப்பாஹ் அதனைத் தம் தலைநகராக்கி, 754இல் ஆங்கேயே மறைந்தார். பக்தாத் எழுந்தது அதன் பின்னரே, 762இல். நகர் அழிந்தொழிந்த பின்னும், ஈராக்கின் மேற்குப் பெருமாகாணம் இன்றும் அன்பார் என்றே வழங்குகின்றது.

இங்கே எமக்கு ஆறுதலளிக்கும் செய்தி ஒன்று கூறவேண்டும். அரபு மொழியிற் பன்மைப் பெயர்கள் பல, சொல்லின் உள்ளுயிர்கள் மாறி, 'அன்பார்' என்பதன் ஓசையிலேயே அமைவன. அதனால் அரபு அகராதியாசிரியர் இவ்வயற்சொல்லையும் பன்மையெனக் கொண்டு, அதற்கு 'நிப்ர்' என்றோர் ஒருமையைக் கற்பித்தனர். தானியத்தைக் கொட்டக் கொட்ட மேலெழுதலின் அப்பெயர் வந்தது எனக் காரணமும் கூறினர். பெரும் புலவரே இவ்வாறு செய்தனரெனின், யாம் கரும்பலகையிற் செய்த பிழை புதுமையன்று. வேற்றூரிலிருந்து வந்தவனை எம்மூர்க் குடியொன்றிற் சேர்த்து முறை சொல்லி அழைப்பதுபோல, வந்த சொல்லுக்கும் உறவு கற்பித்தல் மக்கள் இயல்பு. கற்பிப்பது அன்பு, அதனை வரலாறென்று பாடஞ் சொல்வதுதான் குற்றம். கல்முனைப் பக்கத்து அரபு கற்ற நண்பர் கவனிக்கவேண்டியது மற்றொன்று: நறுமணப் பொருளாகிய அம்பர் வேறு சொல், அது அரபில் 'ஐன்' என்னும் எழுத்திற் தொடங்குவது.

துருக்கியர் இச்சொல்லைப் பெற்று 'அம்பார்' என வழங்கினர். அவர்தம் உதுமானியப் பேரரசு பால்கன் நாடுகளிற் பரவியபொழுது சொல்லும் உடன் சென்றது. பல்காரியரும் உருமேனியரும் அல்பேனியரும் 'ஹம்பார்' என்பர். அங்கேரியர் 'ஹொம்பார்' என்பர். உருசிய உழவனின் தானியக் கொட்டகையும் 'அம்பார்' என்பதே; துருக்கிய இன மொழிகளின் வழி அது வடக்கே சென்றது. கிரேக்கரிடமோ அது கடலில் இறங்கிவிட்டது. 'அம்பாரி' என்பது அவர்க்குக் கப்பலின் அடித்தட்டில் உள்ள சரக்கறை. துருக்கியிலும் அப்பொருள் உண்டு. (நம்மவர் யானைமேல் வைக்கும் அம்பாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது வேறு மூலத்தது.)

இந்தியாவுக்கு இச்சொல் பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட சுல்தான்களோடும் முகலாயரோடும் வந்தது. மகாராட்டிரத்திற் கோலாப்பூருக்கு அண்மையிலுள்ள பன்காளாக் கோட்டையில் 'அம்பர்கானா' என்னும் பெருங்களஞ்சியம் இன்றும் நிற்கின்றது. அதன் மூன்று கட்டடங்களுக்குக் கங்கை, யமுனை, சரசுவதி என்பன பெயர்கள். பாரசீகப் பெயர் தாங்கிய வளாகத்துள் மூன்று புண்ணிய நதிகள் நெல்லாய் நிறைந்திருந்த காட்சியை எண்ணி யாம் மகிழ்வதுண்டு. இந்தியிலும் உருதுவிலும் நாளடைவிற் பொருள் சற்றே திரிந்தது. இடத்தின் பெயர் இடப்பட்ட பொருளுக்காகி, 'அம்பார்' குவியலைக் குறிக்கலாயிற்று. தமிழ்நாட்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் தஞ்சை மராட்டியர் ஆட்சியும் நடந்த காலத்தில், வசூல், பாக்கி, ரசீது, தாசில்தார், ஜமாபந்தி ஆகிய வருவாய்த் துறைச் சொற்கள் அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தமிழிற் புகுந்தன. 'அம்பாரம்' அக்கூட்டத்தோடு வந்ததென்பதே எம் கருத்து. களத்தில் நெல்லைக் குவித்து, அரசுக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு எனப் பங்கிட்ட காலத்தில், அதிகாரியின் கண் முதலிற் சென்றது குவியலின்மேலன்றோ!

தமிழருக்கு நெல்லிடும் இடத்துக்குப் பெயர் இல்லாமல் இச்சொல் வரவில்லை. களஞ்சியம், குதிர், பத்தாயம், சேர், பட்டறை, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கொம்பறை எனப் பல பெயர்கள் உள. திருவரங்கக் கோயிலின் பெரிய நெற்களஞ்சியங்கள் கொட்டாரம் எனப்படும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் உளது. இத்தனை பெயர் இருந்தமையாற்போலும், அம்பாரத்தின் 'களஞ்சியம்' என்னும் பொருள் தமிழில் வேரூன்றாது அகராதியளவில் நின்றுவிட, 'குவியல்' என்னும் பொருள் மட்டும் மக்கள் நாவில் வாழ்கின்றது.

இனி, எம் மாவட்ட மாணவர் அடிக்கடி கூறும் ஒன்றை மறுக்கவேண்டும். 'அம்பாறை நெற்களஞ்சியமன்றோ? அம்பாரம் என்பதே அம்பாறை ஆயிற்று' என்பர். கேட்க இனிது. ஆனால் அம்பாறை என்னும் பெயரில் நிற்பது வல்லின றகரம். அம்பாரத்தில் இடையின ரகரம். அன்றியும், கல்லோயாத் திட்டம் தொடங்கிய 1949ஆம் ஆண்டுக்கு முன்பே, அவ்விடம் காடும் குளமுமாயிருந்த காலத்திலேயே, அப்பெயர் வழங்கியது. மாவட்டம் பிறந்ததோ 1961இல். நெல் விளைவதைக் கண்டு இட்ட பெயராயின் காலம் ஒத்துவரவேண்டும்; ஒத்துவரவில்லை. 'அழகிய சுமை'யால் ஒருமுறை சுட்டுக்கொண்ட கை எமது, மறுமுறை தீண்டோம்.

களஞ்சியச் சொற்களில் நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்கு வருவோர் கிட்டங்கியைக் கடந்தே வருவர். மாரியில் அத்தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்து, பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் ஆசிரியரும் கரையில் நின்று தவித்த நாள்கள் பல. கிட்டங்கி என்பதற்குத் தமிழிற் பண்டசாலை என்பது பொருள். கிடங்கு என்பதும் அதுவே. 'கிட' என்னும் வினையடியாய்ப் பிறந்தது. தெலுங்கரும் 'கிட்டங்கி' என்பர். வணிகரோடு கடல் கடந்து மலாய் மொழியிற் 'குடாங்' ஆகி, போர்த்துக்கீசர் வாயிலும் ஆங்கிலர் வாயிலும் புகுந்து 'கோடவுன்' என மீண்டு, வடநாட்டிற் 'கோதாம்' எனவும் சிங்களத்திற் 'குதம' எனவும் வழங்குவது இச்சொல்லேயென அறிஞர் பலர் கொள்வர். நம் ஆற்றங்கரைக் கிட்டங்கிக்குப் பெயர் வந்த காரணத்தை ஓசையை மட்டும் கொண்டு யாம் கூறப்போவதில்லை.

எம்மிடம் பயின்றோர் இன்று பல நாடுகளிற் பரந்துள்ளனர்; இம்மலர் அவர்கள் அனைவர் கைக்கும் எட்டுமென நம்புகின்றோம். பழைய குறிப்பேட்டை வைத்திருப்போர் 'அம் + பாரம்' என்னும் வரியை அடித்துவிட்டு, 'பாரசீகச் சொல், அன்பார், உருது வழி வந்தது, முதற்பொருள் களஞ்சியம், வழக்குப்பொருள் குவியல்' என எழுதிக்கொள்வாராக. குறிப்பேட்டைத் தொலைத்தோர் தம் பிள்ளைகளிடம் கூறினும் அமையும்.